எடைமேடைப் படலமும் என் இருபத்தொரு நாள் மௌனமும்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று காலை முதல் திருச்செங்கோடு நகரம் ஊமையாகிவிட்டது. மலைக்குரங்குகள் படியிறங்கி வந்து விசாரித்துவிட்டுப் போனதாகத் தகவல். பஸ் ஸ்டாண்டில் மூன்று பேர் மயக்கம். காரணம், நான் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

எதிர்காலச் சந்ததிக்காகக் குறித்து வைக்கிறேன். நான் நாச்சிமுத்து, வயது ஐம்பத்துநாலு. விளம்பர ஆட்டோவில் மைக் பிடித்து இருபத்தெட்டு வருடமாக இந்த ஊரின் காதுகளை ஆண்டு வருபவன். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, ரத்ததான முகாம், காணாமல் போன கன்றுக்குட்டி எல்லாமே என் தொண்டை வழியாகத்தான் உலகத்துக்குப் போயிருக்கின்றன. அந்தத் தொண்டையில் நேற்று ஆபரேஷன். கொத்தமல்லி விதை அளவு ஒரு கட்டி என்றார் டாக்டர். தெருவில் நான் தேங்காய் அளவுக்குக் கையை விரித்துக் காட்டியிருக்கிறேன்.

"இருபத்தொரு நாள் ஒரு வார்த்தை கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. மீறினா குரல் திரும்புறதுக்கு நான் பொறுப்பில்லை" என்றார் அவர்.

என் அக்கா பாவாயி கைகூப்பி, "அதை நாப்பத்தெட்டு நாளாக்க முடியுமாங் டாக்டர்?" என்று கேட்டாள். உடன்பிறப்பு!

அக்கா மகள் சௌபர்ணிகா இந்த நோட்டையும் ஒரு ஸ்லேட்டையும் வாங்கித் தந்தாள். "பேசத் தோணறதையெல்லாம் இதுல எழுதிருங் மாமா. இல்லைன்னா வெடிச்சுப் போவீங்."

பிப்ரவரி 5, வியாழன்

வீட்டு நிலவரம். கீழே அக்காவும் சௌபியும். மாடி அறையில் நான். மச்சான் போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கிறார். வருடத்தில் இரண்டு தடவை வந்து, துணி துவைத்துக்கொண்டு போவார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் பேச்சை முழுதாகக் கேட்கக்கூடிய ஒரு பெண்ணை ஆண்டவன் இன்னும் டிசைன் செய்துகொண்டிருக்கிறான். அவசரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

சௌபி விஸ்காம் கடைசி வருடம். ஒரு பாட்டுக்கு வீடியோ எடுக்க வேண்டும். கல்லூரியில் ஒன்பது அணி, நல்ல கேமராவோ ஒன்றே ஒன்று. அதனால் நான்கு அணிக்குத்தான் கேமரா. எந்த நான்கு என்பது இருபத்துநாலாம் தேதி முடிவாகும். அன்றைக்கு ஃபைலோடு போய் நிற்க வேண்டும். பாட்டு, கதை, படம் படமாக வரைந்த ஸ்டோரி போர்டு, ஷாட் லிஸ்ட், இடத்துக்காரர் தந்த அனுமதிக் கடிதம்.

"அனுமதி இல்லைன்னா ஃபைலைத் தொறந்துகூடப் பாக்க மாட்டாங் மாமா."

இதில் இன்னொரு ஒப்பந்தமும் உண்டு. ஈரோட்டில் ஒரு வரன் காத்திருக்கிறது. கேமரா கிடைத்தால், வீடியோ முடியும்வரை அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று அக்கா சம்மதித்திருக்கிறாள். கிடைக்காவிட்டால் மார்ச் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.

"அப்பறம் சும்மாதானே இருக்கப் போற? வந்து பாத்துட்டுப் போகட்டும். நானும் என்ற பாரத்தை எறக்கி வெச்சுட்டு நிம்மதியாக் காலை நீட்டுவேன்" என்றாள் அக்கா, ரசம் ஊற்றிக்கொண்டே.

சௌபி சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எனக்கு ஒரு கிண்டல் வந்தது. ஸ்லேட் மாடியில் இருந்தது.

பிப்ரவரி 7, சனி

பாட்டைக் கேட்டேன். எழுதியதும் பாடியதும் சௌபி. மெட்டுப் போட்டது அவள் தோழி நஸ்ரின். கேமராவும் நஸ்ரின்தான். உயரம் நாலடி எட்டங்குலம், அதில் பாதி கோபம்.

*என்னை இறக்கி வைக்க*
*இடம் தேடும் வீட்டாரே*
*ஒரு தரம் நிறுத்துப் பாருங்க*
*நான் எத்தனை கிலோ?*

இதை எடைமேடையில் எடுக்க வேண்டுமாம். லோடு லாரி ஏறி நின்று எடை போடுகிற, அறுபது டன் தாங்குகிற, அந்த இரும்பு மேடை. விடியற்காலையில் அதன் நடுவில் ஒற்றைப் பெண் வந்து நிற்கிறாள். பக்கத்துக் கண்ணாடி அறையில் சிவப்பு நம்பர் ஓடுகிறது. அவ்வளவுதான் கதை. ஸ்டோரி போர்டில் அந்தப் பெண் முருங்கைக்காய்க்குப் பாவாடை கட்டியதுபோல் இருக்கிறாள். கடைசிக் கட்டம் மட்டும் காலி. "அது இன்னும் கிடைக்கலிங் மாமா" என்றாள்.

எனக்குப் பாட்டின் அர்த்தம் ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ லாரிப் பாட்டு. நான் மைக் பிடித்த கல்யாண மண்டபங்களில், "பெற்றவர்கள் தம் பாரத்தை இறக்கி வைக்கும் இந்தப் பொன்னாளிலே..." என்று ஆரம்பிப்பது என் வழக்கம். எழுநூறு கல்யாணத்திலாவது சொல்லியிருப்பேன். அது ஏன் இப்போது ஞாபகத்துக்கு வந்தது என்று தெரியவில்லை. ஆபரேஷன் மயக்க மருந்தாக இருக்கும்.

பிப்ரவரி 9, திங்கள்

சங்ககிரி ரோட்டில் அர்த்தநாரியின் எடைமேடைக்குப் படையெடுப்பு. அர்த்தநாரி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வார்த்தைதான் பேசுவார். அதிலும் நான்கு, நம்பர்.

சௌபி எல்லாம் சொன்னாள். கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழமை விடிகாலைல வண்டி வராது. அஞ்சரைல இருந்து ஆறரை. எடுத்துக்கங்க" என்றார். "ஆனாக் கூட்டம் கூடாதுங்க. மேடை கெட்டா என்ற பொழப்பு போச்சு."

"அஞ்சே பேருதானுங்க" என்றாள்.

"அப்பச் செரி. அடுத்த வாரம் வாங்க, எழுதித் தர்றேன்."

நான் ஸ்லேட்டில் 'உலக வரலாற்றிலேயே முதன்முறையாக' என்பதுவரை எழுதியிருந்தேன். சௌபி சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

வாய்க்குள் ஒட்டடை படிகிறது.

பிப்ரவரி 12, வியாழன்

ரகசியம். ஒரு மகத்தான காரியம் செய்திருக்கிறேன்.

ஐந்து பிள்ளைகள், ஒரு கேமரா, ஒரு இரும்புத் தகடு. இப்படியா போய் நிற்பது ஆசிரியர்கள் முன்னால்? ஊர் பேச வேண்டாமா? பேசவைக்க என்னிடம் குரல் இல்லை, ஆனால் கை இருக்கிறது. அச்சகத்துக்குப் போய் பிட் நோட்டீஸ் அடித்துவிட்டேன். வாசகம் என்னுடையது:

*வருகிறது! வருகிறது! அகில உலகமே அண்ணாந்து பார்க்கும் பிரம்மாண்டப் படப்பிடிப்பு! அர்த்தநாரி எடைமேடையில்! ஆயிரக்கணக்கான கலைஞர்கள்! நடிக்க விரும்புவோர் நேரில் வரவும்! குடும்பத்தோடு வரவும்!*

ஐந்து லட்சம் பிரதி என்று வரலாறு எழுதிக்கொள்ளட்டும். ஐந்நூறு. டீக்கடை, சலூன், ஆட்டோ ஸ்டாண்ட், பேப்பருக்குள் மடித்து வீடுகளுக்கு.

சௌபி அசந்து போவாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

வெற்றி! ஊரே எடைமேடையைப் பற்றித்தான் பேசுகிறது. டீக்கடையில் ஒருவர் ஹீரோயின் மும்பையிலிருந்து வருவதாகச் சொன்னார். அதை நான் எழுதவில்லை, தானாக முளைத்திருக்கிறது. நல்ல விதை.

மாலையில் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு சிலம்பக் குழு. பொய்க்கால் குதிரைக்காரர் இருவர். ஐந்து வயதுக் குழந்தையை முருகன் வேஷத்தில் தூக்கி வந்த ஒரு குடும்பம். எல்லாரும் மேடையின் மேல். நெல் லோடு லாரிகள் சாலைவரை வரிசையில் நின்று ஹாரன் அடித்தன. அர்த்தநாரி கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். கையசைத்தேன். அவர் அசைக்கவில்லை.

பிப்ரவரி 14, சனி

அனுமதி போய்விட்டது.

ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து, ஆயிரம் பேர் கூடுவதென்றால் பந்தோபஸ்துக்கு மனு எங்கே என்று அர்த்தநாரியைக் கேட்டாராம். அர்த்தநாரி சௌபிக்குப் போன் செய்து மூன்று வார்த்தை பேசினார். "வேண்டாம் அம்மணி. மன்னிச்சுக்க."

சௌபி நோட்டீஸோடு மாடி ஏறி வந்தாள். பின்னால் நஸ்ரின்.

"இது யாருங் மாமா?"

நான் ஸ்லேட்டில் எழுதினேன்: 'எவனோ விஷமி.'

"அகில உலகம், அண்ணாந்து பார்க்கும். இந்த ஊர்ல இப்படி எழுதறதுக்கு ரெண்டாவது ஆள் இருக்குதுங்களா?" என்றாள் நஸ்ரின்.

'என் பாணி பரவிவிட்டது' என்று எழுதப் போனேன். சௌபியின் முகத்தைப் பார்த்தேன். அழித்துவிட்டேன்.

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"பத்து நாள்ல நான் வேற எடைமேடைக்கு எங்க போவேன்? ரெண்டு எடத்துல கேட்டுட்டோம், நோட்டீஸைக் காட்டிச் சிரிக்கறாங்க. இந்த வீட்ல ஒண்ணு என்னைய பாரம்ங்கறீங்க, இல்லைன்னா பிரம்மாண்டம்ங்கறீங்க. நான் எவ்வளவோ அவ்வளவுதான்னு யாருக்குமே தெரிய மாட்டேங்குது மாமா."

இறங்கிப் போய்விட்டாள். நஸ்ரின் மட்டும் ஒரு நிமிடம் நின்று, நோட்டீஸை என் மேஜையில் நேராக வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

தட்டில் இட்லி வந்தது. சட்னி வந்தது. பேச்சு வரவில்லை. வீட்டில் இப்போது ஊமைகள் இரண்டு.

அக்கா போனில் தரகரிடம், "ஒண்ணாந் தேதி அநேகமாக் கூப்படலாமுங்க" என்றாள்.

பிப்ரவரி 16, திங்கள்

நேற்று முழுக்க உட்கார்ந்து அர்த்தநாரிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். ஏழு பக்கம். கல்லும் கரையும். ஓரிடத்தில் எனக்கே கண்ணீர் வந்து மை கரைந்தது.

அர்த்தநாரி முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாவதைப் புரட்டினார். மடித்துத் திருப்பித் தந்தார்.

"நாச்சியண்ணா, இங்க லாரி வந்தா என்ன பண்றோம்? லோடோட ஒரு எடை. லோடை எறக்கிட்டு வந்தாக் காலி எடை. ரெண்டையும் கழிச்சாத்தான் உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியும். உங்க கடுதாசில வண்டி எது சரக்கு எதுன்னே தெரியலிங்க. எறக்கிட்டு வாங்க."

இருபத்தொன்பது வார்த்தை. இரண்டரை நாள் கோட்டாவை எனக்காகச் செலவழித்துவிட்டார் மனுஷன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

காலை ஆறு மணி. 'மாண்புமிகு' என்று ஆரம்பித்தேன். அடித்தேன்.

எட்டு மணி. 'கடலளவு கருணை கொண்ட.' அடித்தேன்.

பதினொரு மணி. நாலு பக்கம். நாலிலும் 'ஆயிரம்' மட்டும் ஒன்பது முறை. எதற்கு ஆயிரம் என்று எனக்கே தெரியவில்லை, கை தானாகப் போடுகிறது. மதியம் ஒரு பக்கமாகக் குறைந்தது. அதையும் குறைத்தபோது, சட்டையில்லாமல் தேர்வீதியில் நிற்பதுபோல் இருந்தது. இமயமலையைத் தோளில் வைத்து நடக்கச் சொன்னாலும் இதைவிட எளிது.

(இப்படி அளப்பது இதுதான் கடைசி. இனி கடிதத்தில் கிடையாது.)

சாயங்காலம் மிஞ்சியது இது:

*ஐயா, என் அக்கா மகள் சௌபர்ணிகா கல்லூரிக்காக நான்கு நிமிடப் பாட்டு எடுக்கிறாள். மார்ச் 8 ஞாயிறு காலை ஐந்தரை முதல் ஆறரை வரை எடைமேடை வேண்டும். வருபவர்கள் ஐந்து பேர். கேமரா ஒன்று. நோட்டீஸ் அடித்தது நான். அது அப்போது அவளுக்குத் தெரியாது. நாச்சிமுத்து.*

பிப்ரவரி 18, புதன்

அர்த்தநாரி இரண்டு தடவை படித்தார்.

"இதுல இன்னும் எறக்க ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"செரி. ஆனா எனக்கு உங்க சொல்லு மட்டும் போதாது, ஊருக்கும் தெரியோணும். நோட்டீஸ் போன கடைக்கெல்லாம் போய் அது பொய்னு சொல்லிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்க ஒருத்தரும் வரலைன்னா எழுதித் தர்றேன்."

சொல்வதற்குக் குரல் எங்கே? ஸ்லேட்டில் பெரிதாக எழுதி நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு புறப்பட்டேன். 'நோட்டீஸில் உள்ளது பொய். படப்பிடிப்புக்கு ஆள் வேண்டாம். எழுதியது நான்.'

பத்தொன்பது கடை. டீக்கடையில் சிரித்தார்கள். சலூனில் போட்டோ எடுத்தார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் என் மைக்கைத் தற்சமயம் பிடித்திருக்கும் குணசீலன், "என்னங்க அண்ணா, இருபத்தெட்டு வருசத்துல சொன்னதையெல்லாம் இப்படியே திருப்பி வாங்கப் போறீங்களா? ஸ்லேட்டு பத்தாதே!" என்றான். கூட்டம் குலுங்கியது.

என்னிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. அவன் பேரன் பேத்தி வரைக்கும் தலைகுனிய வைக்கும் பதில். நாக்கு நுனிவரை வந்து நின்றது. வாயைத் திறந்தேன்.

மூடிக்கொண்டேன். அடுத்த கடைக்குப் போனேன்.

பிப்ரவரி 19, வியாழன்

மீதிப் பதினான்கு கடை. முருகன் வேஷக் குழந்தையின் வீட்டுக்கும் போனேன். அந்தம்மா திட்டவில்லை. "புள்ளைக்கு வேல் வாங்கிட்டோமுங்களே" என்றார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிப்ரவரி 20, வெள்ளி

அர்த்தநாரியின் அனுமதி கிடைத்தது. அவருக்குக் கடிதம் எழுத வராதாம். தெரிந்த விதத்தில் தந்தார். எடைச் சீட்டு:

*வண்டி எண்: சௌபர்ணிகா. சரக்கு: பாட்டு. ஆட்கள்: 5. தேதி: மார்ச் 8. உள்ளே 5.30. வெளியே 6.30. கட்டணம்: இல்லை.*

கீழே முத்திரை, கையெழுத்து.

வீட்டுக்கு வந்து சௌபியின் ஸ்டோரி போர்டின் மேல் வைத்துவிட்டு மாடிக்கு வந்தேன். கொஞ்ச நேரத்தில் கீழே நஸ்ரினுக்குப் போன். ஒரு கத்தல். பிறகு படியில் காலடி.

வாசலில் நின்றாள். "சலூன்காரர் போட்டோ அனுப்பினாருங். ஸ்லேட்டோட நிக்கறது."

நான் ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமான காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாயைத் தொறந்தீங்களா மாமா? நெசமாச் சொல்லுங்."

இல்லை என்று தலையாட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து என் பேனாவை எடுத்து ஷாட் லிஸ்டில் டிக் போட ஆரம்பித்தாள். கண்ணில் ஏதோ தூசி. எனக்கு. சாதாரண அளவுத் தூசி.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஃபைலில் ஒட்ட இடத்தின் படங்கள் வேண்டும். ஐந்தரைக்கே எடைமேடை. இருட்டில் பெண்பிள்ளைகள் தனியாகப் போவதா என்று அக்காவும் காபி பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கிழக்கே மலைக்குப் பின்னால் வெளிச்சம் வருவதற்கு முன் சௌபி மேடை நடுவில் போய் நின்றாள். அவ்வளவு பெரிய இரும்பில் அவ்வளவு சின்ன ஆள். நஸ்ரின் செல்போனில் எடுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். போனிலிருந்து பாட்டு சன்னமாக ஓடியது.

அக்கா அந்தப் பாட்டை முழுதாகக் கேட்பது இதுதான் முதல் தடவை. கண்ணாடி அறைக்கு வெளியே பிளாஸ்கோடு நின்று நம்பரைப் பார்த்தாள்.

"என்னங்க இது, அம்பதுன்னு காட்டுது?"

"பத்துப் பத்தாத்தானுங்க காட்டும். ஒண்ணு ரெண்டு கொறைவா இருக்கும்" என்றார் அர்த்தநாரி.

"அம்பது கிலோ." அக்கா பிளாஸ்கை இடுப்புக்கு மாற்றினாள். "ரெண்டு சிப்பம் அரிசி. அதை நான் ஒத்தையாளா மாடிக்குத் தூக்கியிருக்கறனுங்க."

பாட்டு முடிந்து மறுபடி ஆரம்பித்தது. அக்கா பிளாஸ்கை என் கையில் திணித்தாள். செருப்பைக் கழற்றினாள். "காபி ஆறிப்போகும், எறங்கி வாடி" என்று சொல்லிக்கொண்டே மேடை மேல் ஏறி நடந்தாள். சௌபி இறங்கவில்லை. அக்காவும் திரும்பி வரவில்லை. சேலைத் தலைப்பால் மகள் முகத்தை எதற்கோ துடைத்தாள். நம்பர் நூற்றுப்பத்து.

"அம்மா, அப்படியே நில்லுங்க!" என்று நஸ்ரின் கத்தினாள்.

"எனக்கெதுக்குடி இதெல்லாம்?" என்ற அக்கா அப்படியே நின்றாள்.

நானும் ஒரு காலைத் தூக்கினேன். "நாச்சியண்ணா, மேடை அறுபது டன்தான் தாங்கும்" என்றார் அர்த்தநாரி. அவர் ஜோக் அடித்ததை இந்த நோட்டு தவிர வேறு யாரும் நம்பப் போவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் சௌபி கடைசிக் கட்டத்தை வரைந்தாள். இரண்டு முருங்கைக்காய்.

பிப்ரவரி 23, திங்கள்

மௌனம் முடிந்தது. டாக்டர் முன்னால் வாயைத் திறந்தேன். சிங்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். துருப்பிடித்த தகரக் கதவு வந்தது. "நல்லா ஆறியிருக்கு. இன்னும் தெளியும். இப்போதைக்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிசம் மட்டும்" என்றார்.

முதல் நிமிடத்தைச் சௌபிக்குக் கொடுத்தேன். "சாரி அம்மணி" என்றேன். ஒரு நிமிடம் பிடிக்கவில்லை, இரண்டு விநாடிதான்.

பிப்ரவரி 24, செவ்வாய்

காலையிலிருந்து வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா ஒரே தட்டை மூன்று முறை கழுவினாள்.

மூன்றரைக்குப் போன். ஸ்பீக்கரில் நஸ்ரினும் சௌபியும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நான்கு அணியில் மூன்றாவது பெயர்! எடைச் சீட்டை மூன்று ஆசிரியர்களும் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்களாம். கடைசிக் கட்டத்தில் ஒரு மேடம், "இவங்க யாரு?" என்று கேட்டாராம். "எங்கம்மாங்க, ஒத்துக்கிட்டாங்க" என்றாளாம் சௌபி. யார் எப்போது ஒத்துக்கொண்டது? அக்கா மறுக்கவில்லை. அலமாரியைத் திறந்து சேலைகளைக் கட்டில் மேல் பரப்பிக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்கு ஈரோட்டுத் தரகர் கூப்பிட்டார். நான் படிக்கட்டில் இருந்தேன்.

"ஏனுங்க அக்கா, ஒண்ணாந் தேதி வேண்டாமாமா? அப்ப எட்டாந் தேதி ஞாயித்துக்கிழமை வரச் சொல்லட்டுங்களா?"

"எட்டாந் தேதியா? அன்னைக்கு ஆவாதுங்க. எனக்கு ஷூட்டிங் இருக்குது."

"உங்களுக்குங்களா?"

"எனக்குத்தானுங்க. அஞ்சேகாலுக்கே அங்க இருக்கோணும். லைட்டு போயிருமாமா. நானும் என்ற பொண்ணும் நடிக்கறோம். அப்பறம் எடிட்டிங்கு இருக்குது, அது மாசக்கணக்கா இழுக்குமுங்க. பெரிய வேலை. காலேஜே இந்தப் படத்தைத்தான் எதிர்பாத்துட்டு இருக்குது. எங்களுக்கு இப்ப நேரமே இல்லீங்க, நானே கூப்படறேன். இல்லீங்க, அவசரமா? என்ன அவசரம்? அவ இங்கதானே இருக்கறா..."

எனக்கு இன்றைய கணக்கில் ஆறு நிமிடப் பேச்சு மிச்சம் இருந்தது. படியிலேயே உட்கார்ந்து, அக்கா பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.